என்னுதுக்காரர்

அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோல் பதனிடுகிற மண்டியில் அவரோடு வேலை செய்தவர்கள் 'என்னுதுக்காரன்' என்பார்கள். முனிசிபல் ஆபீசில் நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்று தெரிந்தும் நான் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. இத்தனை காலம் கழித்து வருகிற மரியாதையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அப்போது நான் சானிடரி மேஸ்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். ஆம்பூரைப் போலப் பாலாற்றங்கரையில் உள்ள ஒரு தோல் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை, குப்பை, காலரா வந்தால் கிணற்றுக்கு மருந்து போடுவது, இவற்றோடு நாய் வண்டியும் என் பொறுப்பு. பச்சைத் தோல் வந்து இறங்குகிற இடமெல்லாம் நாய்கள் நிற்கும். கழுத்தில் வார் இல்லாத நாயைப் பிடித்து, தெருவில் திரிகிற மாடுகளை அடைக்கிற பவுண்டுக்குப் பின்னால் கம்பி போட்ட கொட்டகையில் அடைப்போம். மூன்று நாள் கெடு. நாய்க்கு உடையவன் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் கொண்டுபோகலாம். யாரும் வராவிட்டால் நாலாம் நாள் காலையில் இரண்டு ஆட்கள் தடியோடு வருவார்கள். அதைப் பற்றி நான் அதிகம் யோசித்ததில்லை. யோசித்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம், மண்டி விட்டதும் அவர் வருவார். ஒல்லியான ஆள். தோலைக் கட்டையில் போட்டு, இரு பக்கமும் பிடி வைத்த கத்தியால் சவ்வு சீவுகிற வேலை அவருக்கு. கணுக்காலுக்கு மேல் வரை ஆவாரம்பட்டைச் சாயம் ஏறி மஞ்சளித்துக் கிடக்கும். கையில் புதிதாகச் செய்த ஒரு தோல் வாரோடு வந்து, கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, ஒரு நாயைக் காட்டுவார்.

"இது என்னுது மேஸ்திரி."

"போன வாரம் ஒண்ணு இட்டுனு போனியே, அது?"

"அதுவும் என்னுதுதான்."

"அதுக்கு முந்தி ஒண்ணு?"

"அதுவும்தான்."

"உனக்கு எத்தினி நாய்யா?"

"எண்ணிப் பாக்கல மேஸ்திரி."

ரிஜிஸ்டரை நீட்டுவேன். கட்டைவிரலை மையில் தோய்த்து வைப்பார். மற்றவர்கள் கைநாட்டில் ரேகை தெரியும். அவருடையதில் ஒன்றும் இருக்காது. வெறும் கறுப்புத் திட்டு. வருஷக்கணக்காகச் சுண்ணாம்புத் தோலைத் தொட்டுத் தொட்டு விரல் ரேகை தேய்ந்து போயிருந்தது. "இது செல்லாதுய்யா, யார் வெச்சதுன்னே தெரியல" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "ரேக இல்லாததுதான் என் கைன்னு தெரிஞ்சிக்குங்க" என்றார். சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

ஒருதரம் இரண்டு வாரோடு வந்தார். உள்ளே ஐந்து நாய்கள். அந்த வார்களை அவரே செய்வார். மண்டியில் கத்தரித்துப் போடுகிற ஓரத் தோலைப் பொறுக்கி வந்து, வீட்டில் ஒரு பானையில் பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவார். ஒரு வாருக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வார் இல்லாமல் கொண்டுபோனால் மறுநாளே எங்கள் வண்டி பிடித்துவிடும். அதனால் கையில் எத்தனை வாரோ அத்தனை நாய். கம்பியருகே மூன்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றன. மூலையில் இரண்டு சுருண்டு கிடந்தன, ஒன்றுக்குச் சொறி. அவர் மூலையில் கிடந்தவற்றைக் காட்டினார்.

"நல்லதா எடுத்துக்கயேன்யா" என்றேன்.

"கம்பிகிட்ட வர்றத யாராச்சும் எடுத்துப்பாங்க மேஸ்திரி."

யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அந்த மூன்றும் முடிந்தன. அவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. 

நாய் விஷயத்தில் மட்டும் அவர் இப்படி என்றால், ஏதோ ஒரு பைத்தியம் என்று விட்டிருப்பேன். ஒருநாள் ரயிலடியில் அநாதைப் பிணம் ஒன்று கிடந்தது. யாரோ பரதேசி. எங்கள் ஆட்கள் வண்டியில் ஏற்றும்போது இவர் ஓடி வந்தார்.

"அது என்னுது மேஸ்திரி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா உனக்கு? ஒறவா?"

"நேத்து பீடி கேட்டான். குடுத்தேன்."

அவ்வளவுதான் உறவு. செத்தவன் எந்த ஊர், எந்தச் சாமியைக் கும்பிட்டவன் என்று ஒன்றும் தெரியாது. இவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். குழி வரைக்கும் கூட நடந்து வந்து, தலைத்துண்டை எடுத்து அந்த முகத்தின் மேல் போட்டுவிட்டு, ஒரு பிடி மண் தள்ளிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்றைக்கு அரைநாள் கூலி போயிருக்கும்.

இன்னொன்று மண்டிக்காரர்கள் சொன்னது. ஒரு தொட்டி ஆட்டுத்தோல் சுண்ணாம்பில் இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்து நைந்துபோனது. மறந்தவன் வேறொருவன், அப்போதுதான் பிள்ளை பிறந்த வீடு. முதலாளி சாயபு வந்து, யார் பார்த்த தொட்டி என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "என்னுதுதான்" என்று இவர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு உள்ளூர ஒரு பயம் வந்தது. இப்படி ஒரு மனுஷன் பக்கத்தில் இருந்தால் நமக்கும் ஒருநாள் வசதியாகிவிடுமே என்று தோன்றியது. அப்படியேதான் ஆயிற்று.

அந்தச் சாயபுவுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். இவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. சாயபுவுக்கு அதே சந்தில் இன்னொரு மண்டி இருந்தது, உலக யுத்தம் முடிந்து தோல் விலை விழுந்த வருஷத்தில் மூடியது. நாய்களை வைத்துக்கொள்ள இவர் அதைக் கேட்டார். சாயபு நாயைத் தொடமாட்டார், நிழல் பட்டாலே ஒதுங்குவார். ஆனாலும், "தாகத்துக்குத் தண்ணி வெக்கிறத நான் எதுக்குடா தடுக்கணும்" என்று சாவியைக் கொடுத்தார். காய்ந்த தொட்டிகளுக்குள் வெயிலுக்கு நாய்கள் படுத்துக் கிடக்கும். பிரியாணி செய்கிற பண்டாரி ஒருவர் கல்யாண விருந்து முடிந்ததும் எலும்பும் அடிச்சோறும் அனுப்புவார். பட்டை இடிக்கிற பெண்கள் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவார்கள். தோலைச் சுண்ணாம்பில் இறக்குவதற்கு முன் கத்தரிக்கிற சதையை இவர் இலையில் கட்டி எடுத்து வருவார். சுண்ணாம்பு பட்டதைப் போட்டால் குடல் வெந்துவிடுமாம்.

நானும் கொடுத்தேன். ஆபீஸ் பினாயிலில் இரண்டு பாட்டில் மாதாமாதம் அங்கே போகும். நாய் வண்டி அந்தச் சந்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். அதைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நாலாம் நாள் காலை வேலை முடிந்ததும் அங்கே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வந்தால் சோறு இறங்கும்.

அப்படிப் போய்வந்த ஒருநாள், செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் என் பின்னாலேயே வந்துவிட்டது. ஒரு காது பாதி இருக்காது. என் வீடு ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கை ஒட்டி, முனிசிபாலிட்டி கொடுத்தது. வாடைக்குப் பயந்து விருந்தாளிகூட வரமாட்டான். நாயைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். மறுநாளும் வந்தது. மறுபடி விட்டேன். மூன்றாவது நாள் அது வாசலில் வந்து நின்றபோது என் மனைவி சொன்னாள்:

"ரெண்டு தபா தொரத்திட்டீங்க. இந்த தபா வேணாம். பகலெல்லாம் நான் ஒண்டியாத்தானே கெடக்குறேன்."

முறையாகக் கேட்கலாம் என்று போனேன். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாயைக் கொண்டுபோகிறவர் தன் கையாலேயே வாரைக் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, நாய் காதில் விழும்படி 'என்னுது' என்று சொல்ல வேண்டும். பண்டாரி சொல்லியிருக்கிறார், ஒரு ரயில்வே கலாசி சொல்லியிருக்கிறான். நான் வாரைக் கட்டினேன். ஆபீசில் காகிதக் கட்டுகளுக்குப் போடுகிற முடிச்சுத்தான் என் கைக்கு வரும், அதையே போட்டேன். பட்டை இடிக்கிற பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாய் பிடிக்கிற மேஸ்திரி நாயிடம் குனிந்து பேசுவதா என்று வெட்கமாக இருந்தது. வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"நாய்க்குக் கேக்கல மேஸ்திரி" என்றார்.

"என்னுதுய்யா, என்னுது. போதுமா?"

"போதும்."

அன்றைக்கு அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

செவலை எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தது. ஆபீசில் பதிந்து, கழுத்தில் கட்டுகிற தகர வில்லை வாங்கியிருக்க வேண்டும். குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அது என் நாய் என்று என் மனைவிக்கும் மண்டிச் சந்தில் நாலைந்து பேருக்கும்தான் தெரியும்.

இரண்டாவது வருஷம் சித்திரையில் ஆறு சுத்தமாக வற்றி, நரிகள் குப்பைக் கிடங்கு வரைக்கும் வந்தன. ஒரு காலையில் செவலையின் உதட்டில் கிழிசல் இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நரி கடித்த நாய்க்கு வெறி பிடிக்கும், உடனே ஆபீசில் காட்ட வேண்டும் என்ற நோட்டீசை ஊர்ச் சுவரெல்லாம் பசை போட்டு ஒட்டியவனே நான்தான்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க. எனக்கு பயமா கீது" என்றாள் என் மனைவி.

"சொன்னா கொன்னுடுவாங்க. முள்ளு கிழிச்சிருக்கும், வுடு."

கார்பாலிக் தண்ணீரால் கழுவிவிட்டு, கயிற்றில் கட்டிவைத்தேன். பத்து நாள் பார்த்தேன், ஒன்றுமில்லை. அவிழ்த்துவிட்டேன். இன்னும் சில நாள் கழித்து ஒரு காலையில் செவலை கஞ்சியைத் தொடவில்லை. குரல் மாறியிருந்தது. மறுபடி கட்டிவிட்டு ஆபீசுக்குப் போனேன். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, அது நேரே பழைய மண்டிச் சந்துக்கு ஓடியிருக்கிறது. அங்கே பட்டை இடிக்கிற ஒருத்தியின் மகள், ஏழு வயது இருக்கும், தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்கையைக் கவ்விவிட்டது. உலக்கையாலேயே அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

நானும் ஹெல்த் ஆபீசரும் போனபோது கூட்டம் கூடிவிட்டது. பெண்ணின் கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். தாய் அழக்கூட இல்லை. செவலை புழுதியில் கிடந்தது, கழுத்தில் வார், அதில் என் முடிச்சு.

"யாருடைய நாய் இது?" என்று ஆபீசர் கேட்டார்.

நான் கூட்டத்தை விலக்குகிறவன்போல் திரும்பிக்கொண்டேன். சானிடரி மேஸ்திரியே நரி கடித்த நாயை மறைத்து வைத்திருந்தான் என்றால் அந்த நிமிஷமே வேலை போகும், வீடும் போகும். தெரிந்தவர்களும் பேசவில்லை. என் சீருடைக்குப் பயந்தார்களோ என்னவோ. மண்டிக்குள்ளிருந்து அவர் கத்தியோடு வெளியே வந்தார். குனிந்து வாரைத் தொட்டார். முடிச்சைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

"என்னுதுதான் சார்" என்றார்.

பெண்ணையும் தாயையும் அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி போட ரயிலில் குன்னூருக்கு அனுப்பினார்கள். மூடிய மண்டியில் இருக்கிற பதினாறு நாய்களும் கடித்த நாயோடு பழகியவை, அதனால் எல்லாவற்றையும் மூன்றாம் நாள் அழித்துவிட வேண்டும் என்று ஆபீசர் உத்தரவு எழுதினார். சாயங்காலம் அவர் பவுண்டுப் பக்கம் என்னைத் தேடி வந்தார்.

"நீங்க ஆபீஸ்ல இருக்கணும்னுதான் அப்பிடிச் சொன்னேன் மேஸ்திரி. நீங்க போய்ட்டா வண்டி தெனம் நம்ம சந்துக்கு வரும். இப்ப நீங்க போயி ஒரு வார்த்த சொல்லுங்க. செவல ரெண்டு வருசமா அதுங்ககூட இல்லியே. மத்ததுங்கள கட்டிவெச்சுப் பாக்கட்டும். நான் பாத்துக்கறேன், ராப்பகலா பாத்துக்கறேன்."

"சொல்றேன்" என்றேன்.

போனேன். போகாமல் இல்லை. ஆபீசர் கெட்டவரும் இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "கடித்த நாய் மற்ற நாய்களோடு இரண்டு வருஷமாகச் சேரவில்லை என்கிறாய். சரி, அப்படியானால் கட்டிவைத்துப் பார்க்கலாம். ஆனால் அது எங்கே இருந்தது? உனக்கு எப்படித் தெரியும்?" என்று பேனாவைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

பதினாறு உயிருக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அதை நாய் முன்னால் ஒருதரம் சொன்னவன்தான் நான்.

"சரியாத் தெரியாது சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் வண்டி போயிற்று. ஆட்கள் உள்ளே நுழைந்தபோது அவர் தடுக்கவில்லை. அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார். வாரைக் கழற்றலாமா என்று ஒருவன் கேட்டதற்கு, "இருக்கட்டும், யாருமில்லாததுங்க மாதிரி போக வேணாம்" என்றார். குமாஸ்தா ரிஜிஸ்டரில் உடையவர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதப் போனான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பதினாறு வரிக்கும் கட்டைவிரலை வைத்தார். பதினேழாவதாகச் செவலைக்கும் வைத்தார். ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். என்னிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "சொன்னீங்களா மேஸ்திரி" என்று மட்டும் கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். உடைந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அதன்பின் பட்டை இடிக்கிற பெண்கள் அவர் போகிற வழியில் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மண்டியில் அவரோடு ஒரே கட்டையில் நிற்க ஆள் இல்லை. பேர்ணாம்பட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வருஷம் கழித்து அங்கே இறந்துபோனதாகவும் கேள்விப்பட்டேன். யாராவது ஓடிப்போய் 'என்னுது' என்று சொன்னார்களோ, முனிசிபல் வண்டிதான் வந்ததோ, தெரியாது. நான் போய் விசாரிக்கவில்லை. என் மனைவி அதற்குப் பிறகு நாய் வளர்க்கலாம் என்று கேட்டதே இல்லை. செவலையின் கஞ்சிச் சட்டியை மட்டும் வெகுநாள் வரைக்கும் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

போன மாதம் வேலூர் லாங் பஜாரில் ஒரு இளம்பெண் என்னை நிறுத்தினாள். இடுப்பில் குழந்தை. "மேஸ்திரிதானே? அடையாளம் தெரியலியா? நான் பட்டை இடிச்சவ பொண்ணு" என்று முன்கையைக் காட்டினாள். நாலு பல் பதிந்த தழும்பு. நல்லவேளை, ஊசி பிடித்து, உயிரோடு நிற்கிறாள். குழந்தை அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தது.

"இது இன்னா தெரிமா? என்னுதுக்காரன்னு ஒருத்தன் இருந்தான். வெறி நாயி வளத்து ஊர்ல வுட்டான். அவன் நாயி கடிச்சது" என்று அவள் குழந்தைக்குச் சொன்னாள். பல தடவை சொல்லிச் சொல்லிப் பழகின குரல்.

"அது என்னுதும்மா" என்றேன்.

மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போயிற்று. அவள் ஓரமாக ஒதுங்கிக் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"கேக்கல. இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.